ஒரு ரூபாயில் தொடங்கிய ஏலம்

2024 ஜூன் 29, சனிக்கிழமை இரவு. மாட்டுங்கா தெலங் ரோட்டுக்குப் பின்னால் உள்ள பழைய கட்டடம் ஒன்றின் இரண்டாவது மாடி. பக்கத்து வீட்டு டிவியின் கூச்சல் ஜன்னல் வழியாக உள்ளே வந்து விழுகிறது. பார்படாஸில் இந்தியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் டி20 உலகக் கோப்பை இறுதியாட்டம். கோலி ஆடிக்கொண்டிருக்கிறார். மாமி மட்டும் சாப்பாட்டு மேஜை முன் உட்கார்ந்து என் செல்போன் திரையை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

திரையில் நாணய சேகரிப்பாளர்களின் வாட்ஸ்ஆப் குழு ஒன்று. மாமியின் ஒன்பது வெள்ளி ரூபாய்கள், எல்லாம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்டவை, ஏலத்தில் இருக்கின்றன. தொடக்க விலை 1 ரூபாய். முடியும் நேரம் இரவு 9.30. ஏழு மணிக்கு 3,000. எட்டு மணிக்கு 5,000. அதற்குப் பிறகு ஆட்டம் தொடங்கிவிட்டது. குழுவில் இருந்த ஆண்கள் எல்லோரும் பார்படாஸுக்குப் போய்விட்டார்கள். 9.30க்கு யாரோ ஒருவர் கேட்டிருந்த 5,400 அப்படியே நின்றது.

அந்த ரூபாய் ஒவ்வொன்றும் 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினோரு பங்கு, அதாவது சுமார் 10.69 கிராம், சுத்த வெள்ளி. அந்த வாரம் வெள்ளி கிலோ சுமார் 90,000 ரூபாய். ஒன்பது நாணயங்களையும் உருக்கி விற்றிருந்தாலே 8,600க்கு மேல் கிடைத்திருக்கும். மூவாயிரத்துச் சொச்சம் நஷ்டம். இந்தியா கோப்பையை வென்று மாட்டுங்காவே பட்டாசு வெடித்தபோது நான் மாமியின் முகத்தைப் பார்க்காமல் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு ரூபாயில் தொடங்கலாம் என்று யோசனை சொன்னவன் நான்தான்.

மாமியின் கணவர் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர். சம்பளத்தில் மிச்சம் பிடித்து தபால் தலை, நாணயம், சினிமாப் பாட்டுப் புத்தகம் என்று சேர்த்தவர். அவர் போய் மூன்று வருடங்கள் ஆகின்றன. கட்டடம் மறுகட்டுமானத்துக்குப் போகிறது. புதுக் கட்டடம் எழும்பும் வரை மாமி செம்பூரில் ஒரு சின்ன வாடகை வீட்டில் இருக்க வேண்டும். மூன்று டிரங்குப் பெட்டிகளுக்கு அங்கே இடம் கிடையாது. மாமிக்குப் பணமும் தேவை. யாரிடமாவது மொத்தமாகத் தள்ளிவிடலாம் என்றுதான் முதலில் இருந்தார். இன்டர்நெட்டில் ஏலம் போடலாமே என்று அதையும் நான்தான் கிளப்பிவிட்டேன்.

ஏலம் போடுவது எளிது. போட்டோ எடுத்துப் போட்டால் ஆயிற்று. எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான்: முதல் விலையாக எதைப் போடுவது?

ஏப்ரலில் நாங்கள் செய்த முதல் தப்பு இதற்கு நேர்மாறானது. 1948 ஆகஸ்ட் 15 அன்று, சுதந்திரத்தின் முதல் ஆண்டு நிறைவு நாளில், காந்தி படம் போட்ட நான்கு தபால் தலைகள் வெளியாயின: ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா, 10 ரூபாய். சுவிட்சர்லாந்தில் கூர்வாசியே நிறுவனம் அச்சிட்டது. சேகரிப்பாளர்கள் உயிரை விடுவது அந்தப் 10 ரூபாய்த் தலைக்குத்தான். கவர்னர் ஜெனரல் அலுவலகத்துக்காக 'சர்வீஸ்' என்று மேலச்சிட்டவை இன்னும் அபூர்வம். அப்படிப்பட்ட நான்கு சேர்ந்த ஒரு துண்டு 2017இல் பிரிட்டனில் 5 லட்சம் பவுண்டுக்குப் போனது.

மாமியிடம் இருந்தது சாதாரண 10 ரூபாய்த் தலை. முத்திரை குத்தப்பட்டது. மும்பையின் ஈரக் காற்று பின்பக்கத்தில் பழுப்புப் புள்ளிகளை வைத்திருந்தது. நாங்கள் விலைப்பட்டியல் புத்தகத்தைப் பார்த்தோம். அதில் இருந்த தொகையையே தொடக்க விலையாகப் போட்டோம். பட்டியல் விலை மாசுமறுவற்ற தலைக்கு. அதுவும் கடைக்காரர் விற்கும் விலை. ஏழு நாள் ஏலம். ஒருவரும் கேட்கவில்லை. ஒரே ஒருவர் மட்டும் புள்ளிகளைச் சுட்டிக்காட்டி ஒரு முகச்சுளிப்புப் பொம்மை அனுப்பினார்.

இதில் மாமியைக் குறை சொல்ல முடியாது. கணவர் அந்தத் தலையை எந்த மழைநாளில், எத்தனை நாள் டிபனை விட்டு வாங்கினார் என்று மாமிக்குத் தெரியும். அந்தக் கணக்கெல்லாம் தொடக்க விலையில் ஏறிக்கொள்கிறது. வாங்குபவருக்கு அந்தக் கணக்கு தெரியாது. தெரிந்தாலும் அதற்குக் காசு கொடுக்க மாட்டார்.

பேராசையில் விளையும் தொடக்க விலைகள் தனி ரகம். டிராக்டர் படம் போட்ட 5 ரூபாய் நோட்டு லட்சக்கணக்கில் போகும் என்று யாரோ கிளப்பிவிட, பீரோவைக் குடைந்தவர்கள் ஏராளம். பழைய நோட்டு, நாணயம் வாங்க விற்க என்று தன் பெயரைச் சொல்லிக் கட்டணமும் வரியும் கேட்கும் மோசடிக் கும்பல்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்க வேண்டியிருந்தது.

சரி, ஒரு ரூபாய் யோசனை எனக்கு எங்கிருந்து வந்தது? படித்ததிலிருந்து. அதுதான் வினை. டேவிட் லக்கிங் ரைலி என்ற பொருளாதார நிபுணர் 1990களிலேயே 'மேஜிக்' என்ற விளையாட்டின் சீட்டுகளை இணையத்தில் ஏலம் விட்டுச் சோதித்துப் பார்த்தார். அடிமட்ட விலையை உயர்த்தினால் கேட்க வருபவர்கள் குறைகிறார்கள், விற்காமல் திரும்பும் சீட்டுகள் அதிகமாகின்றன. ஆனால் விற்றுப்போகும் சீட்டு நல்ல விலைக்குப் போகிறது என்பது அவர் கண்டது. 2006இல் கில்லியன் கூ என்பவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவாரசியம். பொதுவாகக் கடையில் முதலில் சொல்லப்படும் பெரிய விலை நம் மனதை மேலே இழுக்கும். ஏலத்தில் இது தலைகீழாகிறது என்றார்கள் அவர்கள். குறைந்த விலையில் தொடங்கினால் பலர் உள்ளே வருகிறார்கள். ஒருமுறை கேட்டுவிட்டவருக்கு விட்டுக்கொடுக்க மனம் வருவதில்லை. இத்தனை பேர் கேட்கிறார்களே, ஏதோ இருக்கிறது என்று புதியவர்களும் வந்து சேர்கிறார்கள். முடிவில் விலை மேலே போகிறது.

இதை நம்பித்தான் ஒன்பது ரூபாய்களையும் ஒரு ரூபாய்க்குப் போட்டேன். அதே ஆய்வின் இன்னொரு பகுதியை நான் மேலோட்டமாகப் படித்துத் தள்ளியிருந்தேன். பொருளின் பெயரை எழுத்துப்பிழையோடு பட்டியலிட்ட ஏலங்களையும் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். பிழை இருந்தால் தேடுபவர் கண்ணில் பொருள் படாது. கூட்டம் வராது. அங்கே குறைந்த தொடக்க விலை கைகொடுக்கவில்லை. ஆக, ஒரு ரூபாயில் மந்திரம் எதுவும் இல்லை. விலையை ஏற்றுவது கூட்டம். வராத கூட்டத்துக்கு ஒரு ரூபாய் வைத்தால் தானம்தான்.

2008 பிப்ரவரியில் இதே மும்பையில் நடந்த முதல் ஐபிஎல் ஏலத்தை நினைத்துப் பாருங்கள். தோனிக்கு அடிப்படை விலை 4 லட்சம் டாலர். சென்னை அணி எடுத்தது 15 லட்சம் டாலருக்கு. நடுவில் இருந்த 11 லட்சத்தை ஏற்றியது அரங்கில் பணத்தோடு உட்கார்ந்திருந்த அணிகள். ஏலத்தில் கூடுதலாக ஒரே ஒரு போட்டியாளர் வந்து சேர்வது, விற்பவர் எவ்வளவு சாமர்த்தியமாக அடிமட்ட விலை வைத்தாலும் அதைவிட லாபம் என்று 1996இல் ஜெரமி புலோ, பால் கிளெம்பெரர் என்ற இருவர் கணக்குப் போட்டே காட்டியிருக்கிறார்கள். தோனிக்குப் போட்டியிட ஆள் இருந்தது. மாமியின் ஜார்ஜ் மன்னருக்கு அன்று இரவு யார் இருந்தார்கள்?

இங்கே கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். இணைய ஏலம் மும்பைக்குப் புதிதல்ல. 2000த்தில் இந்த நகரில் தொடங்கிய பாஸீ டாட் காம் தளத்தில் செல்போனிலிருந்து செல்லாக்காசு வரை ஏலத்துக்கு வந்தன. 2004இல் ஈபே அதைச் சுமார் 5 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த இந்தியத் தளம் 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. ஒரே சந்தையில் கூடியிருந்த சேகரிப்பாளர்கள் சிதறினார்கள். உயர்ந்த சரக்கு பெரிய ஏல நிறுவனங்களின் வழவழப்பான பட்டியல்களுக்குப் போயிற்று. சில்லறைச் சரக்கு வாட்ஸ்ஆப், ஃபேஸ்புக் குழுக்களில் ஒதுங்கியது. நான் போட்ட குழுவில் பெயருக்கு 240 பேர். உண்மையில் கேட்பவர்கள் ஐந்தாறு பேர், அவர்களுக்குள் ஒருவரை ஒருவர் தெரியும். கடல் போன்ற ஈபேக்குச் சொன்ன வைத்தியத்தை நான் வாளித் தண்ணீரில் செய்து பார்த்திருக்கிறேன்.

சட்டமும் கூட்டத்தைக் குறைக்கிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த நாணயம் தொல்பொருள். அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வியாபாரமாகச் செய்பவர் உரிமம் பெற வேண்டும். மாமியின் ரூபாய்கள் எல்லாம் 1912க்கும் 1919க்கும் இடைப்பட்டவை. லண்டனில் எத்தனை பேர் ஆசைப்பட்டாலும் பிரயோஜனமில்லை.

இதையெல்லாம் படிக்காமலேயே தெரிந்து வைத்திருப்பவர் ஒருவர் தாராவி பதிமூன்றாம் காம்பவுண்டில் இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி. பழைய பேப்பர், பித்தளை, எலக்ட்ரிக் சாமான் என்று தரம் பிரிக்கும் தொழில். இன்டர்நெட் ஏலம் அவருக்குத் தெரியாது. என் ஒன்பது ரூபாய்க் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, கடைப்பையன் கொண்டுவந்த பித்தளைக் குவியல் ஒன்றைக் காட்டினார். நான்கு வியாபாரிகள் வந்து நின்றால் அவர் விலையே சொல்வதில்லையாம், அவர்களே ஏற்றிக்கொள்வார்கள். ஒற்றை ஆள் வந்து நின்றால் எடைக்கு உருக்குவிலை என்ன என்று பார்த்து, அதற்கு ஒரு பைசா கீழே இறங்குவதில்லையாம். அவர் சொன்ன இந்த இரண்டு வாக்கியத்துக்காக நான் முந்நூறு பக்கம் படித்திருந்தேன்.

அண்ணாச்சி இன்னொன்றும் சொன்னார். தாராவியில் ஏலச்சீட்டு தெரியாத வீடு கிடையாது. சீட்டில் ஏலம் இறங்குமுகம்: யார் அதிகமாகத் தள்ளுகிறாரோ அவருக்குப் பணம். மகள் கல்யாணம் வைத்திருப்பவர் எடுத்த எடுப்பிலேயே பெரிய தள்ளுபடி சொன்னால், அவருக்கு முடை என்று கூட்டத்துக்குத் தெரிந்துவிடும். விற்பவர் சொல்லும் முதல் விலையும் அப்படித்தான், பொருளைப் பற்றி மட்டுமல்லாமல் ஆளைப் பற்றியும் பேசுகிறது. ('ஏலம்' என்ற சொல் போர்த்துக்கீசியர் வழி வந்தது. மராத்தியில் அதே சொல் 'லிலாவ்' ஆகியிருக்கிறது. மும்பைத் தமிழர்கள் இரண்டையும் சரளமாகச் சொல்கிறார்கள்.)

ஜூன் இரவுக்குப் பிறகு ஒரு வாரம் நான் மாட்டுங்கா பக்கம் போகவில்லை. போனபோது மாமி ஒன்பது நாணயங்களையும் துணியில் சுற்றி, அனுப்பத் தயாராக வைத்திருந்தார். குழுவில் வாக்குத் தவறினால் பெயர் கெடும் என்பது எனக்குத் தெரியும். மாமிக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது. அதற்கு முன் குழுவில் ஒருவர் எனக்குத் தனியே ஒரு யோசனை சொல்லியிருந்தார். அடுத்த முறை ஒரு ரூபாய்க்கே போடுங்கள், கூடவே நம் ஆள் ஒருவரை விட்டு ஏற்றிக்கொள்ளலாம் என்று. எல்லாச் சந்தையிலும் உள்ள தந்திரம்தான். ஈபே போன்ற தளங்கள் இதைத் தடை செய்திருக்கின்றன. குறைந்த தொடக்க விலையின் கவர்ச்சியும் வேண்டும், நஷ்டமும் கூடாது என்பவருக்கு வரும் சபலம் இது. எனக்கும் வந்தது, மறைப்பானேன். மாமியிடம் சொன்னேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"அவர் இருந்தா இதுக்கு ஒத்துப்பாரா?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மிச்சமிருந்தவற்றில் ஒரு நாணயம் மட்டும் தனியே காகிதத்தில் மடித்து, '1911' என்று பென்சிலில் எழுதி வைக்கப்பட்டிருந்தது. அந்த வருட ரூபாய்க்கு ஒரு கதை உண்டு. மன்னரின் அங்கியில் தொங்கும் பதக்கத்தில் யானை. தும்பிக்கை குட்டையாக விழுந்ததால் பார்ப்பதற்குப் பன்றி போல் இருந்தது. முஸ்லிம்களிடம் எதிர்ப்பு கிளம்பவே அரசாங்கம் வெளியிடுவதை நிறுத்தியது. அடித்தது சுமார் 94 லட்சம்; வெளியே போனது சுமார் 7 லட்சம்; மிச்சம் உருக்கப்பட்டது. 1912 நாணயத்தில் யானை யானையாகவே இருக்கிறது. 'பன்றி ரூபாய்' என்றால் சேகரிப்பாளர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும்.

இந்த முறை கிரிக்கெட் அட்டவணையைப் பார்த்துத்தான் தேதி குறித்தேன். ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை இரவு 9 மணி. சம்பளம் வந்து பத்து நாள். வேறு குழு, கேட்கும் ஆட்கள் அதிகம் உள்ளது. கடைசி நிமிடத்தில் யாராவது கேட்டால் ஐந்து நிமிடம் நீட்டிக்கும் வழக்கமும் அங்கே உண்டு. கடைசி நொடி வரை ஒளிந்திருந்து அள்ளிக்கொண்டு போகும் வேலை நடக்காது. யானையை மட்டும் பெரிதாகக் காட்டும் போட்டோ ஒன்று, விளிம்பில் உள்ள சின்ன அடிகூடத் தெரியும்படி இன்னொன்று. தொடக்க விலை 1,000. வெள்ளி மதிப்புக்குச் சற்று மேல். யாரும் வராவிட்டாலும் கைக்காசு போகாது. பன்றி ரூபாய்க்கு ஆயிரமா என்று பலரும் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கீழே. 4,600இல் முடிந்தது.

காந்தி தலையையும் மறுபடி போட்டோம், பழுப்புப் புள்ளிகளை நாங்களே முதல் வரியில் சொல்லி. அதற்கு வெள்ளி போல் தாங்கிப் பிடிக்கும் அடிமதிப்பு கிடையாது. எனவே வேறு கேள்வி கேட்டேன்: என்ன விலைக்குப் போனால் மாமிக்கு மனசு வலிக்காது? யோசித்து 1,500 என்றார். அதுவே தொடக்க விலை. 3,900க்குப் போயிற்று. ஏப்ரலில் போட்ட விலையில் கால்வாசிகூட இல்லை. ஆனால் ஏப்ரலில் கிடைத்தது பூஜ்யம்.

நான் கொஞ்சமும் எதிர்பார்க்காத இடத்தில்தான் ஒரு ரூபாய் வித்தை பலித்தது. மூன்றாவது பெட்டியில் அறுபது சினிமாப் பாட்டுப் புத்தகங்கள். பாதி அவர் பள்ளிக்கூட நாளில் ஊரில் வாங்கியவை. மிச்சம் கிங்ஸ் சர்க்கிள் அரோரா தியேட்டர் பக்கம் வாங்கியவை. மஞ்சளேறிய மெல்லிய தாள். கதைச் சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் பார்க்கச் சொல்லும் ரகம். எடைக்குப் போட்டால் ஒரு டீச் செலவுக்குத் தேறாது. பழைய தமிழ் சினிமா ரசிகர்களின் ஃபேஸ்புக் குழு ஒன்றில் ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள், மதுரையிலிருந்து மலேசியா வரை. ஒவ்வொரு புத்தகத்தையும் 10 ரூபாயில் தொடங்கினோம். தலைப்பைத் தமிழிலேயே எழுதினேன். ஆங்கிலத்திலும் இரண்டு மூன்று விதமாக எழுதினேன். 'பராசக்தி'யின் 'த'வுக்குப் பின்னால் எச் போடுகிறவரும் உண்டு, போடாதவரும் உண்டு. எழுத்துக்கூட்டலில் ஒரு கட்சி விட்டுப்போனால் கேட்பவர்களில் பாதிப் பேர் விட்டுப்போகிறார்கள். தமிழ் எம்.ஏ. படித்ததற்கு இப்படியும் ஒரு பலன்.

நான்கு இரவுகள் திருவிழாதான். யாருடைய பாட்டு எந்த ராகம், எந்தத் தியேட்டரில் எத்தனை நாள் ஓடியது என்று விலைக்கு நடுவே சண்டை. சண்டை போட்டவர்களே அடுத்த விலையையும் கேட்டார்கள். ஏழெட்டு புத்தகங்கள் 10 ரூபாயிலேயே நின்றன. ஒன்று 1,150க்குப் போயிற்று. மொத்தம் 14,300. டிரங்குப் பெட்டியில் மதிப்பே இல்லாதது என்று நாங்கள் நினைத்தது, காந்தியையும் ஜார்ஜ் மன்னரையும் சேர்த்தாலும் மிஞ்சிவிட்டது.

ஒரு புத்தகம் பாக்கி. 1966இல் வந்த 'சரஸ்வதி சபதம்'. பின்னட்டையில் பென்சிலில் ஒரு தேதியும் இரண்டு டிக்கெட் கணக்கும். கல்யாணமாகி மாமி மும்பைக்கு வந்த பிறகு இருவரும் சேர்ந்து பார்த்த முதல் படம். இதை எடுத்து வையுங்கள் மாமி, போட வேண்டாம் என்றேன். அறுபதையும் போட்டுவிட்டு ஒன்றை மட்டும் ஏன் ஒளிக்க வேண்டும், குழுவில்தான் எல்லாவற்றுக்கும் படம் போட்டாயிற்றே என்றார். தொடக்க விலை என்ன வைக்கலாம் என்று கேட்டேன்.

"ஒரு லட்சம்னு போடு."

போட்டேன். சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்தன. ஏழு நாளில் ஒருவரும் கேட்கவில்லை. மாமி புத்தகத்தைப் பால் கவரில் சுற்றி, செம்பூருக்குப் போகும் பெட்டியில் புடவைகளுக்கு நடுவே வைத்தார். எட்டாம் நாள் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர், விலை ஏதாவது குறையுமா என்று எழுதியிருந்தார். மாமியிடம் காட்டினேன். பதில் போடாதே என்றார்.